பதினோரு நிமிட மௌனம்

போலீஸ் ஸ்டேஷன் சாக்கடை அடைத்துக்கொண்டால் அதைத் திறக்க ஒரு பிளம்பர் வேண்டும். திறந்த பிறகு அந்த பிளம்பர் வாயை மூடிக்கொண்டு போக வேண்டும். தையல்காரியின் தம்பி முதல் வேலையை ஒழுங்காகச் செய்தான். இரண்டாவதில்தான் கோட்டைவிட்டான்.

லாக்கப்புக்குப் பின்னால் இருந்த குழியில் கம்பியை விட்டுக் குடைந்தபோது முதலில் ஒரு கொத்து முடி வந்தது. அப்புறம் கிழிந்த துணி. அப்புறம் மூன்று பல். வேரில் ஈறுச் சதை ஒட்டியிருந்த பல். வயசாகித் தானாக விழுந்த பல் அப்படி இருக்காது. அவன் அதைக் கழுவி, காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து அக்காவின் தையல் மிஷின் மேல் வைத்தான்.

"உள்ள யாரையோ பிரிச்சு மேயறாங்கக்கா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். முடிவெட்டுகிற கடையில் சொன்னான், குழாய் சாமான் கடையில் சொன்னான், படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவரிடமும் சொன்னான். மறுநாள் காலையில் ஜீப் வந்தது. அவனுடைய பைப் ரெஞ்சாலேயே அவன் முழங்காலில் ஒரு போடு போட்டு, தள்ளுவண்டியையும் அவனையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள்.

தையல்காரி ஸ்டேஷனுக்கு ஓடினாள். அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள். அவனுடைய தள்ளுவண்டி முற்றத்தில் நின்றது. அவனுடைய குரல் சுவருக்குப் பின்னாலிருந்து வந்தது. ஆனாலும் யாரும் இல்லை.

வழி சொன்னவர் ஒரு வக்கீல் குமாஸ்தா. "கோர்ட்டெல்லாம் ஆகாதும்மா, அதுக்குள்ள அவனைத் துவைச்சுக் காயப்போட்டுடுவாங்க. நேரா மானுடக் குரல் நிலையத்துக்குப் போ. அவங்க ஒரு கதை சொன்னா பதினோரு நாட்டுல கேட்கும். பதினோரு நாட்டுல கேட்டா மேலிடத்துலேருந்து ஸ்டேஷனுக்கு ஒரு போன் வரும். ஒரே ஒரு போன் போதும், கதவைத் திறந்து விட்டுடுவாங்க."

ஆக, தையல்காரிக்கு வேண்டியிருந்தது ஒரு போன்.

நிலையம் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை, ஓடினால் ஐந்து. ஆறு மாடிக் கண்ணாடிக் கட்டடம். உள்ளே சுவர் உயரத்துக்குப் படங்கள்: தீய்ந்துபோன ஒரு முதுகு, ஒற்றைச் செருப்பை மடியில் வைத்திருக்கும் ஒரு தாய், கண் இருந்த இடத்தில் பஞ்சு வைத்த ஒரு மனிதன். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும், அதற்கு வெளிச்சம் போடும் விளக்கை அன்பளிப்பாகத் தந்தவரின் பெயர் இருந்தது. படத்தில் இருப்பவரின் பெயர், பாதுகாப்புக் கருதி, இல்லை.

அவள் மூச்சிரைக்க உள்ளே நுழைந்ததும் மணி அடித்தது. எல்லாரும் எழுந்து அப்படியே நின்றுவிட்டார்கள். காபிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் பாதி வழியில் நின்றார். "ஐயா, என் தம்பியை..." என்று அவள் ஆரம்பிக்க, வாட்ச்மேன் கண்ணாலேயே அடக்கினார். பதினோரு நிமிடம். காபியில் ஆடை படர்ந்தது.

"உலகத்துல அடிபட்டவங்களுக்கான மௌனம்மா," என்றார் வாட்ச்மேன் பிறகு. "நாட்டுக்கு ஒரு நிமிஷம். தினம் காலையில ஒரு தடவை, கூட்டத்துக்குக் கூட்டம் ஒரு தடவை. அசைஞ்சா வேலை போயிடும். போன வருஷம் மூணாவது மாடியில ஒருத்தர் ஆறாவது நிமிஷத்துலயே மாரடைப்புல போயிட்டார், சுவத்துல சாஞ்ச மேனிக்கு. பதினோராவது நிமிஷம் வரைக்கும் யாரும் தொடல. ரொம்ப மரியாதையான சாவு."

கேட்பு அதிகாரி இளம்பெண். பஞ்சு மாதிரி குரல். மேஜையில் கண்ணீர் துடைக்கக் காகிதமும், நாலு நிமிட மணல் கடிகாரமும்.

"உங்க வலி எங்க வலி. சொல்லுங்கம்மா, என்ன நடந்தது?"

"நடந்ததில்லம்மா, நடந்துக்கிட்டிருக்கு. என் தம்பியை அடிக்கிறாங்க. இந்த நிமிஷம் அடிக்கிறாங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அடடா, முடியாத கதையா? நாங்க முடிஞ்ச கதையைத்தான் எடுத்துப்போம். ஒன்னு விடுதலை. இல்லன்னா, இன்னொன்னு. நடுவுல நிக்கிற கதைக்கு எங்க ஆண்டுப் புத்தகத்துல இடம் இல்லையே."

"அந்த இன்னொன்னு நடந்துடக் கூடாதுன்னுதானே வந்திருக்கேன்."

அதிகாரியின் கண் கலங்கியது. "அருமையான வரி," என்று குறித்துக்கொண்டார்.

தையல்காரி காகிதத்தைப் பிரித்து மூன்று பல்லையும் காட்டினாள்.

"யாரோடது?"

"தெரியலம்மா. உள்ள இருக்கிற யாரோடதோ."

"வெறும் பல்லுக்குப் பின்னால எப்படிம்மா மனிதக் கதை சொல்றது? ஒரு முகம் வேணும். பல்லை வெச்சுக்கிட்டு முகத்தைத் தேடுறது எங்க வேலை இல்ல." ஆனால் அந்த அதிகாரி நல்ல மனசுக்காரர். யோசித்துப் பார்த்துவிட்டு ஒரு வழியும் சொன்னார். அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் ஆண்டு விழா. பதினோரு நாட்டிலும் நேரலை. அதில் வருஷத்துக்கு ஒரே ஒரு உயிருள்ள கதைக்கு எண்பது வினாடி ஒதுக்குவார்கள். அதற்கு மூன்று பிரிவுகள் கையெழுத்திட வேண்டும்: சரிபார்ப்பு, ஒப்புதல், நம்பிக்கை.

சரிபார்ப்பு அதிகாரி நேர்மைக்குப் பேர்போனவர். "ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு நாங்க எழுதறதில்ல," என்று சொல்லி, அவள் எதிரிலேயே ஸ்டேஷனுக்குக் கடிதம் எழுதினார்: இன்ன தெருவில், இன்ன கதவு எண்ணில் குடியிருக்கும் தையல்காரி, தங்கள் காவல் நிலையத்தில் தன் தம்பி அடிக்கப்படுவதாகக் கூறுகிறார். உண்மையா? உண்மையெனில் எதனால், எத்தனை முறை? புகைப்படம் இருந்தால் இணைக்கவும். விவரம் தேவைப்பட்டால் மேற்படி பெண்மணி மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில் தனியாக இருப்பார்.

"ஐயா, அந்தக் கடைசி வரி வேண்டாமே."

"வெளிப்படைத்தன்மைம்மா. மறைச்சா நம்மளை யார் நம்புவாங்க?"

மாலை ஆறேகாலுக்குப் பதில் வந்தது. நாலு பேராக வந்தது. இதைப் படிக்க மனசு கேட்காதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடலாம்; தையல்காரிக்கு அப்படித் தாண்டிப்போக வழி இருக்கவில்லை. ஒருவன் அவள் முடியைப் பிடித்தான். ஒருவன் அவள் வலது கையைத் தையல் ஊசிக்கு அடியில் அழுத்திப் பிடித்தான். மூன்றாமவன் சக்கரத்தைச் சுற்றினான். ஆள்காட்டி விரலில் ஐந்து தையல் விழுந்தது, நீல நூல் கோத்தபடி. பழக்கமில்லாத கை, தையல் நேராக இல்லை. நாலாமவன் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அவள் மணிக்கட்டில் போட்டான். எலும்பு உடைகிற சத்தம் அவளுக்குப் புதிதாக இல்லை. தடித்த துணியில் ஊசி முறிகிற அதே சத்தம்தான். போகும்போது, "பதில் கிடைச்சதுன்னு உன் ஆபீஸ்ல சொல்லிடு," என்றார்கள்.

மறுநாள் மாவுக்கட்டோடு போய்ச் சொன்னாள். சரிபார்ப்பு அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். "பதில் வந்துடுச்சா! நாற்பது கடிதம் போட்டா ஒன்னுக்கு வர்றதே பெரிசு. ரொம்ப ஒத்துழைக்கிற ஸ்டேஷன்." முத்திரை குத்தினார்.

அடுத்தது ஒப்புதல் பிரிவு. அங்கே ஆறு பக்க ஃபாரம் ஒன்றைக் கொடுத்தார்கள். "உங்க தம்பி கையெழுத்து வேணும். அவரோட கதை அவரோட உரிமை. அவர் சம்மதம் இல்லாம நாங்க ஒரு வார்த்தை சொன்னா அது உரிமை மீறல் ஆகிடும்."

"லாக்கப்புல இருக்கானே."

"அதனாலதான் இன்னும் கவனமா இருக்கணும். மனசு ஒப்பித்தான் போட்டாரான்னு பார்த்துக்குங்க."

ஃபாரத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். அடிதான் விழும் என்று நினைத்துப் போனவளுக்கு இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டார். அவர் தலைக்கு மேலே சட்டம் போட்ட ஒரு சான்றிதழ்: மனிதநேய விசாரணை, மூன்று நாள் பயிற்சி, மானுடக் குரல் நிலையம்.

"நம்ம நிலையத்து ஃபாரமா? முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. வாங்க, வாங்க." இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவரே லாக்கப்பைத் திறந்தார். "சாவி எப்பவும் என்கிட்டதான். பொறுப்பைக் கீழ இருக்கிறவங்க தலையில கட்டக் கூடாதுன்னு பயிற்சியில சொல்லிக் கொடுத்தாங்க." பெல்ட்டில் சாவி தொங்கிய நாடா இரண்டு இழையில் ஊசலாடுவதைத் தையல்காரியின் கண் தானாகவே பார்த்தது. தொழில் புத்தி.

தம்பி ஜன்னல் கம்பியில் இரண்டு கையும் கட்டித் தொங்கினான். கால் கட்டைவிரல்தான் தரையைத் தொட்டது. முதுகில் தோல் இருந்த இடத்தைவிட இல்லாத இடம் அதிகம். மூலையில், சாக்கடை வாய்க்குப் பக்கத்தில், ஒரு கிழவர் சுருண்டு கிடந்தார். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவராம். மந்திரி வீட்டுக் கடிகாரம் மெதுவாக ஓடியதற்காக வந்தவர். அவர் அவளைப் பார்த்துக் கும்பிட்டு ஏதோ சொன்னார். முன்வாயில் பல் இல்லாததால் காற்றுதான் வந்தது.

இன்ஸ்பெக்டர் முக்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஃபாரத்தை விதிப்படி வாய்விட்டுப் படித்தார். "'இந்த ஒப்புதலை யாருடைய கட்டாயமும் இன்றி முழு மனதோடு தருகிறேன்.' ஆமாவா, இல்லையா?"

தம்பிக்குப் பேச நாக்கு எழவில்லை. ஏட்டு இரும்புக் குழாயால் விலாவில் ஒன்று கொடுத்தார்.

"ஆமாவா, இல்லையாடா?"

"ஆமா..."

"பாத்தீங்களாம்மா, முழு மனசோட சொல்றான். அடுத்தது. 'என்னிடம் எவரும் கடுமையாக நடந்துகொள்ளவில்லை.'"

முப்பத்திரண்டு கேள்வி. பதினேழாவதில் தம்பி மயங்கினான். தண்ணீர் ஊற்றி எழுப்பிப் பதினெட்டுக்குப் போனார்கள். தையல்காரி காலில் விழுந்தாள். "சார், போதும் சார், ஃபாரமே வேண்டாம் சார்!" இன்ஸ்பெக்டர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"பாதியில நிறுத்தினா செல்லாதும்மா. நான் ஒன்னு சொல்லட்டுமா? முன்னாடியெல்லாம் நாங்க யோசிக்காம அடிப்போம், மிருகம் மாதிரி. பயிற்சிக்கு அப்புறம் ஒவ்வொரு அடிக்கும் முன்னால, இவனுக்கும் ஒரு அக்கா இருப்பாளேன்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்க்கிறோம். அப்புறம்தான் அடிக்கிறோம்."

கடைசிக் கேள்விக்குத் தம்பி "இல்லை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "ஆமா" என்றுவிட்டான். ஏட்டு குழாயின் முனையால் வாயில் இடித்தார். ஒரு பல் தெறித்துத் தரையில் உருண்டு அவள் முழங்காலில் வந்து நின்றது. அவள் அதை எடுத்துக் காகிதத்தில் மற்ற மூன்றோடு வைத்தாள். விரல் பத்தில் எட்டு மடங்காததால் பேனா பிடிக்க முடியவில்லை. அவனுடைய ரத்தத்திலேயே கட்டைவிரலை அழுத்தி ரேகை வைத்தார்கள்.

"அக்கா," என்றான் தம்பி, குழறி. "போன் வருமா?"

"வரும்டா. வந்துக்கிட்டே இருக்கு."

ஒப்புதல் அதிகாரி ஆறு பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தார். "சிவப்பு செல்லாதேம்மா. நீலம், இல்லன்னா கறுப்பு. விதி."

"அது மை இல்லீங்க. ரத்தம்."

"எதுவா இருந்தாலும் நிறம்னு ஒன்னு இருக்கில்ல?"

அன்று முழுக்க அவள் அந்த ஃபாரத்தை மடியிலேயே வைத்திருந்தாள். மறுநாள் என்ன செய்வதென்று தெரியாமல் அதையே திரும்ப நீட்டினாள். ரத்தம் காய்ந்து கறுத்துவிட்டிருந்தது. "அப்படி வாங்க வழிக்கு," என்று சொல்லி அதிகாரி முத்திரை குத்தினார்.

நம்பிக்கைப் பிரிவில் ஒரு மெலிந்த மனிதர், அவளுடைய கதையை எண்பது வினாடிக்கு வெட்டித் தைத்தார். குழாய், ரெஞ்சு, பல் எல்லாம் போயிற்று. "ஜனங்க சாப்பிட்டுக்கிட்டே பார்ப்பாங்க." ஒரு அக்கா, ஒரு தம்பி, ஒரு ஜன்னல் மிஞ்சியது. கடைசி வரி: இருந்தாலும் நான் எல்லாரையும் மன்னிக்கிறேன். மாவுக்கட்டு இடது கையில் இருந்திருந்தால் கேமராவுக்கு வாகாக இருந்திருக்கும் என்று மட்டும் குறைப்பட்டார்.

ஒன்பதாம் நாள் காலை. நானூறு நாற்காலி, பதினோரு தூதுவர்கள், தலைக்குத் தலை கேமரா. தையல்காரியை மேடையில் உட்கார வைத்தார்கள். பக்கத்து நாற்காலியில், கஞ்சி போட்ட சீருடையில், இன்ஸ்பெக்டர். இந்த வருஷத்துச் 'சிறந்த ஒத்துழைப்பாளர்' விருது அவருக்குத்தான். விருதோடு பதினோரு நாட்டுக்கும் போய்ப் பயிற்சி கொடுக்கிற வேலையும்.

தலைவி மைக்கைப் பிடித்தார். "நான் பொறுப்பேற்றபோது இந்த நிலையத்தில் ஆண்டுக்கு நாற்பது காயங்கள்தான். இன்று ஆயிரத்து நூறு! இந்த வளர்ச்சி தானாக வந்ததல்ல. ஒவ்வொரு காயத்தையும் ஆறவிடாமல் பார்த்துக்கொண்டோம். உலகில் துன்பம் தீர்ந்துவிட்டால் நாம் என்ன ஆவோம் என்று இளைய ஊழியர்கள் அஞ்சுகிறார்கள். அவர்களுக்கு நான் உறுதி கூறுகிறேன், அப்படி எதுவும் நடக்க நாம் விடமாட்டோம்." கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

தலைவி வந்து உட்கார்ந்ததும் தையல்காரி குனிந்து கேட்டாள். "அம்மா, நான் பேசி முடிச்சதும் போன் போட்டுடுவீங்கல்ல?"

"என்ன போன்?"

"ஸ்டேஷனுக்கு. தம்பியை விடச் சொல்லி."

தலைவி அவள் கன்னத்தை அன்போடு தொட்டார். "நாங்க தலையிட மாட்டோம்மா. கதை சொல்றதுதான் எங்க வேலை. போன் போட்டா கதை மாறிடும் இல்லையா?"

இன்ஸ்பெக்டர் இந்தப் பக்கத்திலிருந்து மெல்லக் குனிந்தார். "கவலைப்படாத. விழா முடிஞ்சு நான் போனதும் உன் தம்பி கதையை முடிச்சுக் கொடுத்துடறேன். நிலையத்துக்கும் முடிஞ்ச கதைதானே வேணும்?"

மணி அடித்தது. நானூறு பேரும் எழுந்து, தலை குனிந்து, கல்லாகிப்போனார்கள். கேமராக்களின் சிவப்பு விளக்கு எரிந்தது.

முதல் நிமிடம் அவளும் கல்லாகத்தான் நின்றாள். பிறகு கண், தன் பாட்டுக்கு, பக்கத்தில் இருந்த பெல்ட்டுக்குப் போயிற்று. நாடா இன்னும் அதே இரண்டு இழையில் தொங்கியது. இத்தனை நாளாக யாரும் தைத்துக்கொள்ளச் சொல்லவில்லை போலும். பத்து நிமிடம் பாக்கி இருந்தது. ஓடினால் ஐந்து.

இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் நூல் வெட்டுகிற சின்னக் கத்திரியை இடது கையால் எடுத்தாள். நறுக், நறுக். சாவி அவள் உள்ளங்கையில் விழுந்தது.

இன்ஸ்பெக்டரின் கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்தது. எதிரே பதினோரு தூதுவர்கள். எதிரே பதினோரு நாடு. உதடு அசையாமல் பல்லுக்கு நடுவிலிருந்து சொன்னார்: "வெச்சுடு. உரிச்சுடுவேன்."

"மௌனம் சார்," என்றாள் தையல்காரி.

மேடையை விட்டு இறங்கி நடந்தாள். யாரும் தலை நிமிரவில்லை. வாசல் கதவில் சாய்ந்து வாட்ச்மேன் நின்றார். அசைந்தால் வேலை போய்விடும். அவர் அவள் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்; அரை அடி நகர்ந்தார். அந்த அரை அடி போதுமாக இருந்தது.

தெருவில் ஓடினாள். மாவுக்கட்டுக்குள் எலும்பு ஒவ்வொரு எட்டுக்கும் கத்தியது. ஸ்டேஷனில் எல்லாரும் விழாவுக்குப் போயிருக்க, ஏட்டு ஒருவர்தான் காவல். எல்லா அலுவலகங்களும் நேரலையோடு சேர்ந்து மௌனம் காக்க உத்தரவு. அவர் டீவிக்கு எதிரே விறைத்து நின்றார். அவள் உள்ளே வருவது அவருக்குத் தெரிந்தது. லாக்கப்பைத் திறப்பதும் தெரிந்தது. ஆனால் டீவியில் இன்ஸ்பெக்டர் அவரையே உற்றுப் பார்த்தபடி அசையாமல் நின்றார். மேலதிகாரியே அசையாதபோது தான் அசைய அவருக்கு அதிகாரம் இல்லை. விலா உடைத்த இரும்புக் குழாயைப் பக்கத்தில் சாத்திவைத்துவிட்டு, கண்ணில் நீர் முட்ட நின்றார்.

கத்திரியால் கயிற்றை அறுத்தாள். தம்பி மூட்டை மாதிரி அவள் மேல் விழுந்தான். கடிகாரக்காரர் தவழ்ந்து வந்து ஒரு தோள் கொடுத்தார். முற்றத்தில் நின்ற தள்ளுவண்டியில் அவனைக் கிடத்தி, ஒரு கைக்காரியும் ஒரு கிழவருமாகத் தள்ளினார்கள். வண்டிக்கு அடியில் ரத்தம் சொட்டிக்கொண்டே வந்தது. பின்வாசல், இறக்கம், படகுத்துறை. அக்கரை வேறு எல்லை, வேறு ஸ்டேஷன். இந்த இன்ஸ்பெக்டரின் ஜீப்புக்கு அங்கே வேலை இல்லை. டிக்கெட் கிழிப்பவர் மூன்று பேரையும் பார்த்தார், டிக்கெட் கேட்கவில்லை. பலகையை இழுத்துக்கொண்டு, "கிளப்பு!" என்று கத்தினார்.

படகின் ரேடியோவில் மணி அடித்தது. "நன்றி. அமருங்கள்," என்றது தலைவியின் குரல். "நம் சகோதரி துயரம் தாங்காமல் வெளியே சென்றுவிட்டார். இதோ, நம் இன்ஸ்பெக்டர் அவர் பின்னாலேயே ஓடுகிறார்! பாதிக்கப்பட்டவரைத் தேடி ஓடும் காவல்துறை! இதுவன்றோ நம்பிக்கை!" நானூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். படகு நடு ஆற்றுக்கு வந்துவிட்டிருந்தது.

தம்பி ஒரு கண்ணைத் திறந்தான். மற்றது வீங்கி மூடியிருந்தது. "கதையைச் சொல்லிட்டியாக்கா?"

"இல்லடா. நேரம் கிடைக்கல."

தையல்காரி இடுப்பிலிருந்து காகிதத்தை எடுத்துக் கடிகாரக்காரர் கையில் வைத்தாள். "இது உங்களோடதுன்னு நினைக்கிறேன் பெரியவரே."

அவர் பிரித்தார். சின்னச் சின்ன சாமானை வரிசைப்படுத்திப் பழகிய விரலால் ஒவ்வொன்றாக நகர்த்தினார். பிறகு காற்றோடு கலந்த குரலில், ரொம்ப நாணயமாக, "இதுல நாலு இருக்கேம்மா," என்றார். "என்னோடது மூணுதான்."

வண்டியிலிருந்து தம்பி வீங்கிய கையை நீட்டினான்.

"மிச்சம் என்னோடது. குடுங்க."